ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு மஸ்டாங்

அமெரிக்காவில் 1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங், இடப்பக்க ஸ்டீயரிங்குடன் மட்டுமே தயாரானது. ஆஸ்திரேலியாவிலோ வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்பவை. அங்கு வலப்பக்க ஸ்டீயரிங் தேவை. எனவே 1965–66இல் ஃபோர்டின் ஆஸ்திரேலியக் கிளை சுமார் 200 மஸ்டாங்குகளை இறக்குமதி செய்து, சிட்னியின் ஹோம்புஷ் ஆலையில் மாற்றியமைத்தது. ஸ்டீயரிங்கை மட்டும் நகர்த்தினால் போதாது. டாஷ்போர்டு, மிதிகள், ஸ்டீயரிங் பெட்டி ஆகியவையும் இடம் மாற வேண்டும். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் இடப்புறம் சாய வேண்டும்.

மஸ்டாங்கின் அடித்தளம் ஃபால்கன் காருடையது. ஆனால் 1966இல் வந்த எக்ஸ்ஆர் ஃபால்கனை, மஸ்டாங் வழிவந்தது என்றே நிறுவனம் விளம்பரப்படுத்தியது. உண்மையான பிறப்பு வரிசை இதற்கு நேர்மாறு. 2001இல் மீண்டும் சில காலம் இத்தகைய மாற்றியமைத்த கார்கள் விற்கப்பட்டன. அமெரிக்க ஆலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் மஸ்டாங் உருவானது 2015இல்தான்.