காலியான நாளும் நிரப்பிய நாளும்: 1862-இன் டேவிஸ் நியமனம் பற்றி ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளைச் செனட்டின் ஒப்புதலுக்குக் காத்திராமல் இடைவேளைக் காலத்தில் நியமிக்கும் அதிகாரத்தைப் பற்றி எழுதியோர் பலர், ஒரு நீண்ட பெயர்ப்பட்டியலைச் சான்றாகத் தருகிறார்கள். 1791-இல் தாமஸ் ஜான்சன், 1795-இல் ஜான் ரட்லெட்ஜ் தொடங்கி 1958-இல் பாட்டர் ஸ்டூவர்ட் வரை அது நீள்கிறது. இத்தனை குடியரசுத் தலைவர்கள் செய்த ஒன்று மரபாகிவிட்டது, மரபு சட்டப்பொருளை உறுதிசெய்துவிட்டது என்பது அவர்களின் முடிவு. அந்தப் பட்டியலில் நியமனம் நடந்த நாள் இருக்கிறது. இருக்கை காலியான நாள் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் உச்ச நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அந்த முடிவு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அரசியலமைப்பின் 2-ஆம் உறுப்பு, செனட்டின் இடைவேளையில் 'நேரக்கூடிய' காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப அனுமதிக்கிறது. மூலத்தின் 'ஹேப்பன்' என்ற வினையில்தான் சிக்கல். 1792-இல் அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃப், நாணயச் சாலைப் பதவி ஒன்றைப் பற்றிய கருத்துரையில் அதை நேர்பொருளில் எடுத்துக்கொண்டார்: இடைவேளையில் புதிதாக உண்டான காலியிடம் மட்டுமே. 1823-இல் வில்லியம் விர்ட், கடற்படை முகவர் பதவி ஒன்றுக்காக அதை விரித்தார்: எப்போது உண்டானாலும் இடைவேளையில் காலியாக இருந்தால் போதும். விபத்து நேற்று நேர்ந்தது என்கிறோம்; நேற்று நேர்ந்த விபத்து இன்றும் நேர்ந்துகொண்டிருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. விர்ட்டின் வாசிப்பு அந்தச் சொல்லிடமிருந்து அவ்வளவைக் கேட்கிறது.

இனி நாள்கள். 1795-இல் செனட் ஜூன் 26 அன்று கலைந்தது; தலைமை நீதிபதி ஜான் ஜே ஜூன் 29 அன்று விலகினார்; அதன்பின் ரட்லெட்ஜ் நியமனம். புஷ்ராட் வாஷிங்டன் 1798 செப்டம்பரில் வந்தார். அவருக்கு முன்னவரான ஜேம்ஸ் வில்சன் இறந்தது அதே ஆண்டு ஆகஸ்டு 21. பிராக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் (1806), ஸ்மித் தாம்சன் (1823), லெவி உட்பரி (1845), பெஞ்சமின் கர்டிஸ் (1851) ஆகிய நால்வருக்கும் முன்னவர் இறந்தது செனட் கூடியிராத நாளில். ஜான்சனின் இருக்கையும் அப்படியே. 1837-இல் ஜான் மெக்கின்லி பெற்ற இருக்கை சட்டத்தால் புதிதாகப் படைக்கப்பட்டது. அது எந்நாளில் காலியானதாகக் கொள்வது என்பதே வாதத்துக்குரியதால் அதை இரு பக்கத்திலும் சேர்க்கவில்லை. மற்ற எழுவரையும் ராண்டால்ஃபின் குறுகிய வாசிப்பே அனுமதித்திருக்கும். விர்ட்டின் கருத்துரைக்கு இவர்கள் சாட்சிகள் அல்லர்.

டேவிட் டேவிஸ் விஷயம் வேறு. அவருக்கு முன்னவரான ஜான் கேம்பெல் 1861 ஏப்ரல் 30 அன்று விலகினார். அந்த ஜூலையில் செனட் கூடியது. டிசம்பரில் மீண்டும் கூடி 1862 ஜூலை 17 வரை அமர்ந்திருந்தது. கலைவதற்கு முந்தைய நாள்கூட சாமுவேல் மில்லரை உச்ச நீதிமன்றத்துக்கு உறுதிசெய்தது. ஆக, ஒப்புதல் தரும் அவை கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. வட்ட நீதிமன்ற எல்லைகளை மாற்றியமைப்பது முடியட்டும் என்று லிங்கன் நியமனங்களைத் தாமதித்ததை நான் மறுக்கவில்லை. அந்தத் தாமதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் தாமதத்தின் நியாயம் ஒரு வினைச்சொல்லின் பொருளை மாற்றாது.

1862 அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் பேட்ஸ் லிங்கனுக்குத் தந்த கருத்துரையே இங்கு மையச் சான்று. அதை வழக்கமாக விர்ட் வரிசையின் இன்னொரு கண்ணியாகவே படிக்கிறார்கள். பேட்ஸ் சொன்னது அவ்வளவு எளிதல்ல. இந்தக் கேள்வி புதிதாக எழுந்திருந்தால் இந்த அதிகாரம் குறித்துத் தமக்குக் கடுமையான ஐயங்கள் இருந்திருக்கலாம் என்கிறார். முந்தைய தலைவர்களின் தொடர்ந்த வழக்கமும் முந்தைய அட்டர்னி ஜெனரல்களின் கருத்துகளும் அதைத் தீர்த்துவிட்டன என்று ஒதுங்கிக்கொள்கிறார். அவர் சொல்லின் பொருளை வாதிடவில்லை, வழக்கத்தை நம்பினார். எந்த வழக்கம்? நிர்வாகப் பதவிகளில் அது இருந்தது. உச்ச நீதிமன்ற இருக்கையில், மேலே கண்டபடி, ஐயமற்ற முன்னுதாரணம் ஒன்றுகூட இல்லை. கடற்படை முகவருக்கு உருவான மரபை, நன்னடத்தை உள்ளவரை பதவி என்று 3-ஆம் உறுப்பு காக்கும் நீதிபதிக்கு அவர் அப்படியே நீட்டினார். இடைவேளை நியமன ஆணையோ செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடிவில் காலாவதியாகிவிடும். இந்த முரண் அவருக்கு இடறலாக இருந்திருக்க வேண்டும்.

டேவிஸ் அக்டோபர் 17 அன்று நியமனம் பெற்றார். டிசம்பர் 8 அன்று செனட் அவரை உறுதிசெய்தது. இதைச் செனட்டின் இசைவாகக் கொள்வோர் உண்டு. செனட் இசைந்தது டேவிஸ் என்ற மனிதருக்கு, அவர் வந்த வழிக்கு அல்ல. 1863 பிப்ரவரி 9-இன் சட்டமே அதற்குச் சான்று: செனட் கூடியிருந்தபோதே காலியாக இருந்த பதவியில் இடைவேளையில் அமர்த்தப்பட்டவருக்கு, ஒப்புதல் கிடைக்கும்வரை கருவூலம் சம்பளம் தரக்கூடாது. அச்சட்டம் சம்பளத்தைத்தானே நிறுத்தியது, அதிகாரத்தை ஏற்றதல்லவா என்ற மறுப்பு நெடுநேரம் நிறுத்தி ஆராயத் தக்கதல்ல. காங்கிரஸ் தன் கையில் இருந்த கருவியைப் பயன்படுத்தியது. 1940-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

2014-இல் நோயல் கேனிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டனர், காரணத்தில் ஐந்துக்கு நான்காகப் பிரிந்தனர். ஸ்டீபன் பிரேயரின் பெரும்பான்மைத் தீர்ப்பு, நெடிய வழக்கத்தைச் சான்றாக்கி விர்ட்டின் வாசிப்பை ஏற்றது. தொழிலாளர் உறவு வாரிய உறுப்பினர்களைப் பற்றிய அவ்வழக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் 2000 டிசம்பரில் காலியாகி 2004 பிப்ரவரியில் வில்லியம் பிரையரைக் கொண்டு நிரப்பப்பட்ட 11-ஆம் வட்ட மேல்முறையீட்டு இருக்கை போன்றவற்றை குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் காலத்து மரபின் தொடர்ச்சி என்று காட்ட அந்த வழக்கத்தைக் கடன் வாங்க முடியாது. வாஷிங்டன் நியமித்த ஜான்சனும் ரட்லெட்ஜும் இடைவேளையிலேயே காலியான இருக்கைகளுக்கு வந்தவர்கள்.

இடைவேளை நியமனங்களைப் பட்டியலிடும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: நியமன நாளுக்கு எதிரே, இருக்கை காலியான நாளையும் அன்று செனட் கூடியிருந்ததா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.