கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தோட்டம்

அபார்ட்மென்ட் பால்கனியில் புதினா வளர்க்கிற நமக்கெல்லாம் ஒரு முன்னோடி உண்டு: லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட். நிலக்கரிப் புகையில் அவருடைய பெரணிச் செடிகள் செத்துக்கொண்டே இருந்தன. 1829இல், அந்துப்பூச்சிக் கூட்டுக்காக ஈரமண் போட்டு மூடிவைத்த பாட்டிலுக்குள் ஒரு பெரணி தானாக முளைத்தது. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது. 1833இல் அவருடைய கண்ணாடிப் பெட்டிகள் சிட்னிவரை கப்பலேறின, செடிகள் பிழைத்தன.

நகரவாசியின் ஆசையில் பிறந்த பெட்டி பேரரசின் கருவியானது. பிரேசில் விதையிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அதில்தான் வந்தன. அடுத்த வருஷம் சிங்கப்பூர், பிறகு மலாயா. அங்கே பால்மரம் வெட்டப் போனவங்க நம்ம ஊர்க்காரங்க.

எனக்கு உறுத்துவது இதுதான்: செடி வாடாமல் கடல் தாண்ட அவ்வளவு யோசித்தவர்கள், ஆட்களுக்காக அவ்வளவு யோசிக்கவில்லை.