லக்காப் புறா: தோற்றமும் வரலாறும்

முன்னுரை

தமிழும் தெலுங்கும் உருதும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் ஒரே பறவை புறா, பாவுரம், கபூதர் என மூன்று பெயர்களால் சுட்டப்பெறுகின்றது. அதன் வளர்ப்பினங்களுள் பந்தயத்திற்கு உரியவை சில. அழகிற்காக மட்டுமே பேணப்பெறுவன சில. பின்னதற்குத் தலைசிறந்த சான்று விசிறி போன்ற வாலையுடைய லக்காப் புறாவாகும். இதன் தோற்றத்தையும், இது பற்றிய வரலாற்றுச் சான்றுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

பழஞ்சான்றுகள்

புறாவுடன் தமிழர்க்கிருந்த உறவு பழமையானது. வாடைக்குளிரில் இரைதேடச் செல்லாது, இரவு பகல் அறியாமல் மயங்கி, மாடத்துப் பலகையில் கால்மாற்றி நிற்கும் மனைப்புறாவினை நெடுநல்வாடை காட்டுகின்றது. புறாவைக் குறிக்கும் கபோதம் என்னும் வடசொல், கோயிற் கட்டடக் கலையில் வளைந்து தாழும் கூரை உறுப்பிற்குப் பெயராயிற்று. எனினும் இவை சுட்டுவது இயல்பான மாடப்புறாவையே. அழகு கருதி உருமாற்றப்பெற்ற இனத்தை அன்று.

தோற்றம்

மாடப்புறாவின் வாலில் 12 இறகுகள் உள்ளன. லக்காவில் இவை முப்பது, நாற்பது வரை பெருகி, மேல்நோக்கி விரிந்து நிற்கும். மார்பு முன்தள்ளியும் கழுத்து பின்வளைந்தும் அமைய, கழுத்தில் ஓயாத நடுக்கம் காணப்படும். வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி பெரும்பாலும் இல்லாது போகும். இந்திய லக்காவிற்குத் தலையில் கொண்டையும் காலில் இறகும் உண்டு. ஆங்கில வகைக்கு இவை இரண்டும் இல்லை.

முகலாயர் காலம்

இவ்வினம் பற்றிய தொன்மையான குறிப்பு அபுல் ஃபசலின் அயினி அக்பரியில் கிடைக்கின்றது. அக்பரின் அரண்மனையில் இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் 500 சிறப்புக்குரியவை என்றும் அந்நூல் கூறுகின்றது. புறா வளர்ப்பினை அக்பர் 'இஷ்க்பாசி' (காதல் விளையாட்டு) என்றழைத்தார். லக்காவின் இனிய குரலும் தலையை உயர்த்தி நிற்கும் செருக்கும் அங்கே பாராட்டப்பெறுகின்றன. இனங்களைக் கலந்து மேம்படுத்தும் முறையும் அங்கே பதிவாகியுள்ளது.

சென்னையும் டார்வினும்

தென்னிந்திய நாணய ஆய்வாளராகத் தமிழுலகம் அறிந்த வால்டர் எலியட் (1803–1887), சென்னை மாகாணத்தில் உயர்பதவி வகித்தவர். சித்தூரும் திருப்பதியும் அன்று அம்மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1856இல் டார்வின் எலியட்டுக்கு எழுதி, இந்திய வளர்ப்புப் பறவைகளின் தோல்களை வேண்டினார். எலியட் தோல்களை அனுப்பியதோடு, 1770இல் மறைந்த சையது முகம்மது முசாரி பாரசீகத்தில் இயற்றிய புறா நூலையும் மொழிபெயர்த்து உதவினார். 1859இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் அவருக்கு நன்றி கூறியுள்ளார்.

1868இல் வெளியான நூலில், லக்கா 1600க்கு முன்பே இந்தியாவில் இருந்ததென்றும், அக்காலத்து ஐரோப்பா அதனை அறிந்திருக்கவில்லை என்றும் டார்வின் கருதினார். ஐரோப்பாவில் வாலிறகுகளின் எண்ணிக்கை 1677இல் 26, 1735இல் 36, 1824இல் 42 என உயர்ந்தமையை அவர் வரிசைப்படுத்துகின்றார். சற்றே மிகுந்த வாலுடைய ஒரு பறவையைக் கண்ட பின்னரே மனிதன் தெரிவு செய்யத் தொடங்கியிருப்பான் என்பது அவர்தம் வாதம்.

மதிப்பீடு

கல்கத்தாவிலிருந்து வந்தவை எனக் கூறப்பெற்ற லக்காக்களைத் தாமே வளர்த்த டார்வின், அவை ஆங்கிலக் கண்காட்சிப் பறவைகளினும் தாழ்ந்தவை என்றார். இங்கு 'தாழ்வு' என்பது கண்காட்சி நடுவர்தம் அளவுகோலைச் சார்ந்தது. தலையும் வாலும் ஒன்றையொன்று தொடுமளவு வளைந்த பறவையையே அந்நடுவர் விரும்பினர். அபுல் ஃபசல் போற்றியதோ குரலையும் நிமிர்வையும். அழகு பற்றிய கொள்கை வேறுபடவே பறவையின் உடலும் வேறுபட்டது. மேலும், ஐரோப்பாவிற்கு இவ்வினம் சென்ற காலத்து நிலையினை இந்திய லக்காவே காட்டுகின்றது எனவும் டார்வின் கருதினார். அவர் தாழ்ந்ததெனக் கொண்ட வடிவமே அவர்தம் கொள்கைக்குக் காலச்சான்றாயிற்று என்பது கருதத்தக்கது.

முடிவுரை

லக்காவின் வால் இயற்கையின் கொடை மட்டுமன்று. பல தலைமுறை வளர்ப்போர் தெரிந்தெடுத்ததன் விளைவு. அரசர் பெயரும் அறிஞர் பெயரும் ஏட்டில் நிற்க, கூண்டருகே நின்று இணைசேர்த்த எளியோர் பெயர்கள் மறைந்தன. அவர்தம் அறிவு புறாக்களுக்கு அவர்கள் இட்ட பெயர்களிலும் வழங்கிய கலைச்சொற்களிலுமே எஞ்சியுள்ளது. சித்தூர், திருப்பதி போன்ற பன்மொழிப் பகுதிகளில் புறா வளர்ப்போரின் வழக்குச் சொற்களைத் தொகுத்தல் மொழியியலுக்கும் சமூக வரலாற்றிற்கும் ஒருங்கே பயன்தரும் எனலாம்.