பௌத்தப் பல்கலைக்கழகம்: பெயரும் பட்டமும் இடஒதுக்கீடும்

தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய பண்டிதர், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தியவர். அவர் பெயர் கொண்ட வளாகத்தில் சித்த மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெறலாம். அவருடைய பௌத்தத்தைப் பயில வழியில்லை. கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இயங்குகிறது. வண்டலூரில் இசுலாமியர் தொடங்கிய கிரசென்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் உள்ளது. தனியார் பௌத்தப் பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை இச்சூழலில் எழுவது இயல்பே.

சட்டம் அதற்கு இடம் தருகிறது. பௌத்தர்கள் 1993இல் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஆகவே, கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 30(1)ஆம் உறுப்பின்படி அவர்களுக்கு உண்டு. ஆனால் நிறுவனம் நடத்தும் உரிமை வேறு, பட்டம் வழங்கும் அதிகாரம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956இன் 22ஆம் பிரிவின்படி, நாடாளுமன்ற அல்லது சட்டமன்றச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ, 3ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நிகர்நிலை நிறுவனமோ, நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனமோதான் பட்டம் வழங்கலாம். அறக்கட்டளைப் பதிவோ சங்கப் பதிவோ இதற்குப் போதாது. சத்தீசுகர் 2002இல் இயற்றிய சட்டத்தின்கீழ் 100க்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. யஷ்பால் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அவற்றின் அடித்தளத்தையே நீக்கியது. அப்போது தவித்தவர்கள் மாணவர்கள்தாம்.

நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்றுண்டு. தனியார் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு வழங்க அரசுக்கு அதிகாரமளிக்கும் 15(5)ஆம் உறுப்பு, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. தலித்துகளின் விடுதலைச் சமயத்தின் பெயரால் அமையும் பல்கலைக்கழகம், தலித் மாணவருக்கு ஓர் இடம்கூட ஒதுக்காமல் சட்டப்படியே இயங்க முடியும்! தானாக முன்வந்து ஒதுக்குவதற்குத் தடையில்லை. எனவே அக்கடப்பாட்டை நிறுவன விதிகளிலேயே எழுத வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

மாணவர்களின் இன்னோர் அச்சம் தேவையற்றது. பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டு ஆணை 1990இல் திருத்தப்பட்டபின், பௌத்தம் தழுவுவதால் பட்டியல் சாதித் தகுதி பறிபோவதில்லை. இதை அறியாத அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன.

பாடத்திட்டம் பற்றி அம்பேத்கரிடமே வழிகாட்டல் உள்ளது. அவருடைய மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அங்கே கற்பிக்கப்பட்டவை கலையும் அறிவியலும். 1956இல் சட்டக் கல்லூரியும் வந்தது. பாலியும் பௌத்தவியலும் தேசியத் தகுதித் தேர்வில் இடம்பெற்ற பாடங்கள்; நவ நாலந்தா மகாவிகாரை போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அவற்றைக் கற்பிக்கின்றன. ஆயினும் அவை மட்டுமே கொண்ட வளாகம், தாம்பரத்தில் மின்சார ரயிலில் வந்திறங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு எந்த வேலையைப் பெற்றுத்தரும் என்று கேட்டாக வேண்டும்.

புதிய நிறுவனம் எதுவாயினும், கட்டணம் செலுத்துமுன் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: அதை நிறுவிய சட்டத்தின் எண் அல்லது நிகர்நிலை அறிவிக்கை, மானியக் குழுப் பட்டியலில் அதன் பெயர், சேர்க்கை விதிகளில் பட்டியல் சாதியினருக்கான இடங்கள்.