துறைமுகத்துக் காய்ச்சலும் ஒரு துளிக் குருதியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அகலத்தையும் விரும்பாத வல்லரசு இல்லை. ஆயினும் அங்கே தங்கிய படைகளையும், துறையை அண்டி வாழ்ந்த மக்களையும் மலேரியாக் காய்ச்சல் நெடுங்காலம் வாட்டியது. இலங்கையின் உலர்வலயம் முழுவதும் வேரூன்றியிருந்த அந்நோய்க்குக் கொயினாவே மருந்து.

1942 மார்ச்சில் யாவாத் தீவு யப்பானியர் வசமாயிற்று. உலகத்துக் கொயினாவிற் பெரும்பங்கு அத்தீவின் சிங்கோனாப் பட்டையிலிருந்தே கிடைத்து வந்தது. அடுத்த மாதம் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு பொழிந்தன. மருந்தை இழந்த துறைமுகம் தாக்குதலுக்கும் உள்ளாயிற்று.

நேசநாட்டுப் படைகளுக்குக் கொயினாவுக்கு ஈடாக மெபக்கிரின் என்னும் மஞ்சள் மாத்திரை வழங்கப்பட்டது. அளவு குறைந்தால் காய்ச்சல் அடங்காது; மிகுந்தால் வயிறும், சிலவேளை சித்தமும் கலங்கும். உண்ட மருந்தில் எவ்வளவு குருதியில் நிற்கிறது? இவ்வினாவுக்கு 1943இல் நியூயோர்க்கில் பிரோடியும் உடென்பிரெண்டும் ஒளிர்வுமுறையால் விடை கண்டனர். மருந்து உடலின் இழையங்களிற் பெரிதும் தங்குவதால், தொடக்கத்தில் மிகுதியாகவும் பின்னர் அளவோடும் கொடுக்கவேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

ஒளியைப்போல மின்னும் மருந்தை அளக்கவல்லது. அவ்வழியை 1922இல் பிராக் நகரிற் கண்டவர் யாரொசுலாவ் ஹெய்ரோவ்ஸ்கி. நுண்ணிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத்துளியை மின்வாயாக்கி, மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினார். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அழுத்தத்திலே இலத்திரனை ஏற்கும். அப்போது எழும் மின்னோட்டம் பொருளின் அடர்த்தியைக் காட்டும். கொயினாவும் அவ்வாறு இலத்திரனை ஏற்கும் பொருளே. இவ்வளவீட்டைத் தானே பதிவுசெய்யும் பொலரோகிராப் கருவியை 1924இல் அவருடன் சேர்ந்து அமைத்தவர் யப்பானியரான சிகாத்தா. 1959இல் ஹெய்ரோவ்ஸ்கிக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இம்முறைக்குத் தனிச்சிறப்பொன்று உண்டு. கரைசலின் ஊடே செல்லும் ஒளியை அளக்கும் முறைகளில், ஒளி கடக்கும் தூரம் குறைந்தால் அளவீடும் தளரும். மின்வாயோ தன் முகத்தைத் தொடும் அடர்த்தியையே உணரும். கரைசல் ஒரு துளியாகச் சுருங்கினும் குறி குன்றாது. இதனைக் கண்ட அறிஞர் 1970களின் பிற்பகுதி முதல் மயிரிழையினும் மெல்லிய கரிமின்வாய்களைப் பயன்படுத்தலாயினர். 1987இல் அச்சிட்ட மின்வாய்ப்பட்டைகொண்டு குருதியின் சர்க்கரையை அளக்கும் சிறுகருவி விற்பனைக்கு வந்தது. இன்று அதற்கு ஒரு மைக்ரோலீற்றரினும் குறைந்த குருதி போதும்.

அவ்வாறெனின் மருந்தையும் அவ்வளவு எளிதாய் ஏன் அளக்கவில்லை? குருதியில் மருந்து, சர்க்கரையினும் பல நூறு, பல ஆயிரம் மடங்கு குறைவு. அன்றியும் யூரிக்கமிலமும் உயிர்ச்சத்து சீயும் அண்மைய அழுத்தத்திலேயே தம் குறியைக் காட்டி மருந்தின் குறியை மறைக்கும். மின்வாயின்மேல் மெல்லிய படலம் பூசியும், மின்னழுத்தத்தைத் துடிப்புகளாகச் செலுத்தியும் இத்தடையை வெல்ல முயல்கின்றனர்.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே இருந்தனர். காவல் தளர்ந்தமையால் சில ஆண்டுகளில் அது இலட்சக்கணக்காகப் பெருகிற்று. 2016இல் நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து வருவோருடன் நோய் இன்னும் வரக்கூடும். அத்தகைய நோயாளி ஒரு குழந்தையாயின், சிரையிலிருந்து குருதி வாங்காமல், விரல்நுனித் துளியிலே மருந்தின் அளவை அறிவது பெரும்பேறன்றோ!