ஆற்று மணலில் விளையாட விடலாமா?

ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரையில் வளர்ந்தவர் என் தந்தை. 1960களில் தாம் விளையாடிய விளையாட்டுகளைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். சடுகுடு, கிட்டிப்புள், பம்பரம் எல்லாம் இருந்தாலும் அவருக்குப் பிடித்தது ஊற்றுத் தோண்டுவதுதான். காய்ந்த மணலைக் கையால் ஒரு முழம் பறித்தால் நீர் கசியும். முதலில் கலங்கலாக வரும். கொட்டாங்கச்சியால் இரண்டு முறை இறைத்துவிட்டால் பளிங்குபோல் தெளிந்துவிடும். விளையாடிக் களைத்த பிள்ளைகள் அதையே அள்ளிக் குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது அதே தந்தை எனக்கு இட்ட கட்டளை, "ஆற்றுப் பக்கம் போகாதே" என்பது. இன்று எட்டு வயதாகும் என் மகள், "தாத்தா விளையாடிய இடத்தில் நான் ஏன் விளையாடக் கூடாது?" என்று கேட்கிறாள். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

குழந்தைகளை வெளியே விளையாட விடுவதில் பெற்றோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? எல்லா ஊர்களிலும் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பட்டையும் குரோமியமும்

தோல் பதனிடுதல் இப்பகுதிக்குப் பழைய தொழில். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதனிடுவார்கள். அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். இப்படிப் பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது.

குரோமிய உப்புகளாலும் தோலைப் பதனிடலாம் என்பதை 1858-இல் ஜெர்மானிய வேதியியலார் பிரெடரிக் நாப் காட்டினார். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்கு ஒரு முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் இம்முறையைச் சோதித்தார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. தோலும் மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் அமைந்தது.

எனினும் நம் வட்டாரத்தில் இம்முறை பெரும் அளவில் பரவியது 1970களில்தான். சீதாராமையா குழு 1972-இல் தந்த பரிந்துரைகளை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாகச் செய்து முடித்த தோலும் காலணியும் ஊக்குவிக்கப்பட்டன. இதனால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. கூடவே, கழிவுநீரும் பெருகியது.

பட்டைக் காலம் முற்றிலும் தூய்மையான காலம் என்று எண்ணிவிடக் கூடாது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடும் வழக்கமும், மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் போடும் வழக்கமும் அப்போதே இருந்தன. குரோமியம் வந்தபின் இரசாயனங்களின் எண்ணிக்கையும் டேனரிகளின் எண்ணிக்கையும் உயர்ந்தன. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் தேவை என்றும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று குறிப்பிடுகிறது. அந்த நீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் திறந்த வெளியிலும் விடப்பட்டது. பாலாற்றில் ஆண்டில் சில நாட்களே வெள்ளம் ஓடும். மற்ற நாட்களில் அது மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. ஆகவே மேலே ஊற்றியதெல்லாம் கீழே இறங்கி, ஊற்று நீரில் கலந்தது.

சிறு உடல், பெரும் பங்கு

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் அருந்துகிறார் எனக் கொள்வோம். கிலோ ஒன்றுக்கு அவர் பெறுவது 33 மில்லி. 10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் அருந்தினால், கிலோ ஒன்றுக்கு 100 மில்லி பெறுகிறது. ஒரே கிணற்று நீர்தான். ஆனால் குழந்தையின் உடலுக்கு மும்மடங்கு பங்கு! மூச்சுக் காற்றிலும் இதே கதைதான். போதாததற்கு, குழந்தையின் மூக்கு தரைக்கு அருகில் இருக்கிறது; மண் அளைந்த கை வாய்க்குப் போகிறது.

1956-இல் ஜப்பானின் மினமாட்டா ஊரில், ஆலைக் கழிவில் வந்த பாதரசத்தின் கொடுமை முதன்முதலில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது எப்படி? கடலோரத்தில் வாழ்ந்த இரு சிறுமிகள், அக்காளும் தங்கையும், அடுத்தடுத்து நோயுற்றபோதுதான். பெரியவர்களுக்கு முன்பே குழந்தையின் உடல் ஆபத்தைக் காட்டிவிடுகிறது.

குரோமியத்திலும் இரு வகை உண்டு. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் கொண்டது. நச்சுத் தன்மை குறைந்தது. ஆறிணைதிறன் கொண்ட குரோமியமோ நீரில் எளிதில் கரையும், மஞ்சள் நிறம் தரும், புற்றுநோய் விளைவிக்கவல்லது. பதனிடும் உப்பைத் தயாரிக்கும் ஆலைகளில் இவ்வகையே மிகுதியாகக் கையாளப்படும். இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1970களில் தொடங்கி 1995-இல் மூடப்பட்டது. ஆலை நின்றது, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் குன்றாகக் கிடந்தது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

மழை பெய்தால் அத்தகைய மண்ணில் தேங்கும் நீர் மஞ்சளாக இருக்கும். பெரியவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். குழந்தை என்ன செய்யும்? காகிதக் கப்பல் விடும்.

நீதிமன்றம் தந்த அளவுகோல்

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டுள்ளது என்ற ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

ஆனால் அத்தீர்ப்பை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று அது உறுதியாகக் கூறியது. அதன் சாரம் மூன்று கூறுகள். ஒன்று, சேதத்தை முன்னறிந்து தடுக்க வேண்டும். இரண்டு, கடுமையான, மீளாத கேடு நேரும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் முடிவு முழுமையாகவில்லை என்று காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று, தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்பவருடையது.

வாசகர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். அதுவரை எச்சரிக்கை என்ற சுமை யார் தலையில் இருந்தது? பெற்றோர் தலையில். "அந்தக் கிணற்று நீரைக் குடிக்காதே", "வாய்க்காலில் கால் வைக்காதே" என்று காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தாய் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனாள். மாலை திரும்பும்வரை அவள் மனம் அங்கேயே கிடந்தது. எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் நஞ்சை வெளியே விடுபவரே என்று சட்டத்தின் மொழியில் கூறியது அத்தீர்ப்பு.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் ஏற்பட்டது. 2001-இல் அது 29,000-க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டது. விளைநிலத்துக்குக் கணக்குப் போட்டார்கள். விளையாட்டு நிலத்துக்குக் கணக்கில்லை. பிரச்சினையும் முடிந்தபாடில்லை. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எஞ்சிய இழப்பீட்டை வழங்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

வீட்டுக்குள் அடைத்துவிட்டால்?

"இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்" என்று எண்ணத் தோன்றும். ஆனால் வீடும் முற்றிலும் பாதுகாப்பானது அன்று.

வகுப்பில் ஒருநாள் மாணவர்களுடன் ஒளிச்செறிவை அளந்து பார்த்தேன். விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ். வெளியே வெயிலில் பல பத்தாயிரம் லக்ஸ்! மர நிழலில்கூட அறையைப்போல் பல மடங்கு. நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. வளரும் கண்ணோ உணர்கிறது. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அக்குழந்தைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை தோன்றியது. மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கு. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது.

ஆக, அடைத்துவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வேலூர் காட்டிய இன்னொரு வழி

குழந்தையை அடைக்காமல் ஆபத்தை அடைக்க முடியுமா? முடியும் என்பதற்கும் வேலூரே சான்று. இளம்பிள்ளைவாதம் பரவிய 1940களிலும் 50களிலும் அமெரிக்கப் பெற்றோர் கோடைகாலத்தில் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கும் திரையரங்குக்கும் அனுப்ப அஞ்சினர். நோய் ஒழிந்தது அந்த அச்சத்தால் அன்று, தடுப்பு மருந்தால். 1980களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும், நகரின் குழந்தைகளுக்கு ஒரே காலத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நடத்திக் காட்டினர். நோய் வெகுவாகக் குறைந்தது. 1995-இல் அதே போன்ற முறை நாடெங்கும் பரவியது. 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. தெரு அப்படியே இருந்தது. குழந்தைகளும் தெருவில் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். அகன்றது நோய் மட்டுமே.

பெற்றோருக்கு ஓர் அளவுகோல்

நீதிமன்றம் தொழிற்சாலைக்குச் சொன்ன அளவுகோலைப் பெற்றோரும் கைக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 'கடுமையானதா? மீளாததா?' என்ற இரு கேள்விகளே அது. மரத்தில் ஏறி விழுந்தால் முழங்கால் சிராயும், ஆறிவிடும். சடுகுடுவில் சுளுக்கினால் இரு நாளில் சரியாகும். இவற்றுக்கு அஞ்சித் தடுக்க வேண்டியதில்லை. இவற்றால்தான் பிள்ளை தன் உடலின் எல்லையை அறிகிறது.

மீளாதவற்றை மட்டும் பட்டியலிட்டால் அது சிறியதாகவே இருக்கும். மணல் அள்ளிய பள்ளத்தில் தேங்கிய நீர்: முதல் அடியில் கணுக்கால் அளவு, அடுத்த அடியில் ஆளை விழுங்கும். மழை நாளில் திடீரென வரும் வெள்ளம்: 1903-இல் வாணியம்பாடியைச் சிதைத்த பாலாறு, 2021 நவம்பரிலும் பெருகி ஓடியது. மஞ்சள் படிந்த மண், டேனரிக் கழிவு ஓடும் வாய்க்கால், மூடியற்ற தொட்டி, விரைவு வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை. இவற்றில் "கூடாது" என்று உறுதியாகச் சொல்லலாம். விளையாடி வந்ததும் சோப்பிட்டுக் கைகழுவச் செய்வதும், வீட்டுக் குடிநீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புவதும் செலவில்லாத காவல்கள். மற்றவற்றில் பிள்ளையை விட்டுவிடலாம்.

இதற்கு மேல் உள்ள எச்சரிக்கை பெற்றோருடையது அன்று. பள்ளத்தை மூடுவதும், கழிவுக் குன்றை அகற்றுவதும், நீரைச் சோதித்து முடிவை ஊரறியச் சொல்வதும் ஆலையின், அரசின் கடமைகள். அவற்றைக் கேட்டுப் பெறுவதும் பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதியே. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டு அளவு. "எங்கள் தெருக் கிணற்றில் எவ்வளவு?" என்று கேட்கும் உரிமை எந்தத் தாய்க்கும் உண்டு.

சென்ற மாதம் என் மகளை ஆற்றுக்கு அழைத்துச் சென்றேன். அவளும் மணலைப் பறித்தாள், நீர் கசிந்தது. குடிக்கக் கூடாது என்றேன். "எப்போது குடிக்கலாம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் நான் மட்டும் அல்லன்.