அமெரிக்க ஆளுநரும் அவர் பேனாவும்



அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதனை ‘வீட்டோ’ என்பர். இவ்வுரிமை எளிதில் கிட்டியதன்று.

குடியேற்றக் காலத்தில் ஆளுநர்களுள் பெரும்பாலோர் இங்கிலாந்து மன்னரின் ஆட்கள். மக்கள் சபை இயற்றியதைத் தடுப்பார்கள். சபையையே கலைத்தும் விடுவார்கள். அந்தக் கசப்பில், 1776-இல் விடுதலை அறிவித்த கையோடு அப்பதவியின் பல்லைப் பிடுங்கினார்கள். பென்சில்வேனியா ஆளுநரே வேண்டாமென்று ஒரு குழுவை அமர்த்தியது. வட கரோலினாவில் சட்டமன்றமே ஆண்டுதோறும் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. மறுக்கும் உரிமையை அவருக்குத் தரவில்லை.

சட்டமன்றமும் தவறக்கூடும் என்பது பிறகுதான் உறைத்தது. 1780-இல் மாசசூசெட்ஸ் ஒரு வழி கண்டது. ஆளுநர் மறுக்கலாம்; ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் மசோதா சட்டமாகும். மற்ற மாநிலங்கள் காலப்போக்கில் இத்தகைய உரிமையை அளித்தன. வட கரோலினா மட்டும் 1996-இல்தான் மனம் இரங்கியது. 220 ஆண்டுக் கோபம்!

விஸ்கான்சினிலோ நேர்மாறு. அங்கே செலவு மசோதாவில் சொற்களையும் எண்களையும்கூட ஆளுநர் அடிக்கலாம். பள்ளிக்கூடத்தைத் தொட்ட செய்தி என்பதால் இதைக் கூர்ந்து படித்தேன். பள்ளிகள் திரட்டும் நிதியின் வரம்பை, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் என ஈராண்டுகளுக்கு உயர்த்தியது சட்டமன்றம். 2023-இல் ஆளுநர் டோனி எவர்ஸ், ‘2024-25’ என்பதில் முதல் ‘20’-ஐயும் இடைக்கோட்டையும் அடித்துவிட்டார். எஞ்சியது ‘2425’. ஈராண்டு உயர்வு நானூறு ஆண்டு உயர்வாயிற்று!

வழக்குத் தொடுத்தார்கள். 2025-இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளுள் நால்வர், அது செல்லும் என்றனர்.